சேலம் டவுனில் ஒரு சைக்கிள் சுற்று: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சனி, ஞாயிறு காலைகளில் கோட்டை மைதானத்தில் கூடி, திருமணிமுத்தாற்றின் இரண்டு கரையிலும் இருக்கிற பழைய சேலத்தைச் சைக்கிளில் சுற்றிக் காட்டுகிறோம். போனில் கேட்பவர்களும் நேரில் வருகிறவர்களும் திரும்பத் திரும்பக் கேட்கிற கேள்விகளுக்கு இங்கே பதில் எழுதி வைத்திருக்கிறேன். படித்துவிட்டு வந்தால் காலையில் பேச்சைக் குறைத்துக்கொண்டு சீக்கிரம் கிளம்பலாம்.

சேலத்தில் சுற்றிப் பார்க்க அப்படி என்ன இருக்கிறது? ஏற்காடுதானே?

இதை வெளியூர்க்காரர்களைவிட உள்ளூர்க்காரர்கள்தான் அதிகம் கேட்கிறார்கள். ஏற்காட்டுக்குப் பஸ் மாறுகிற ஊர், மேம்பாலம் ஏறிக் கடந்து போகிற ஊர் என்றே சேலம் பலருக்குப் பழகிவிட்டது. எனக்கு அதில் உண்மையிலேயே வருத்தம் உண்டு.

சேர்வராயன் மலையில் பெய்கிற மழைதான் திருமணிமுத்தாறாக இறங்கி இந்த ஊருக்குள் நுழைகிறது. அந்த ஆற்றை ஒட்டித்தான் கோட்டை இருந்தது. கோட்டைப் பெருமாள் கோயில், கோட்டை மாரியம்மன் கோயில், ஜாமியா மசூதி மூன்றும் ஆற்றிலிருந்து சில நிமிட நடையில் இருக்கின்றன. தறி ஓடுகிற அம்மாபேட்டையும் குகையும் அதே ஆறு போகிற வழியில் இருக்கிற பேட்டைகள். ஏற்காட்டில் மேலிருந்து பார்த்து ரசிக்கிற மலை கீழே ஒரு ஊரையே உண்டாக்கியிருக்கிறது. அதைப் பார்க்கத்தான் இந்தச் சுற்று.

எந்த வழியாகப் போகிறோம்?

கோட்டை மைதானத்தில் தொடங்குகிறோம். முதலில் கோட்டைப் பெருமாள் என்று ஊர் சொல்கிற அழகிரிநாதர் கோயில், அப்புறம் கோட்டை மாரியம்மன், அங்கிருந்து மசூதி, ஆற்றுப் பாலம். பாலத்தைத் தாண்டி சுகவனேசுவரர் கோயில். பிறகு வ.உ.சி. பூ மார்க்கெட், சின்னக்கடை வீதி, ராஜகணபதி கோயில், முதல் அக்ரஹாரம். அங்கிருந்து செவ்வாய்ப்பேட்டை, லீ பஜார். கடைசியாகக் குகை வழியாகத் திரும்பிக் கோட்டைக்கே வந்துவிடுவோம். கூட்டம் குறைவாக இருக்கிற நாளில் கலெக்டர் ஆபீஸ் பக்கம் ஒரு எட்டுப் போய், 1875-இல் கட்டி முடித்த சி.எஸ்.ஐ. தேவாலயத்தையும் பார்த்து வருவோம். சென்னையில் செனட் ஹவுஸை வடிவமைத்த ராபர்ட் சிஷோம்தான் இதையும் வடிவமைத்தவர். செங்கல் நிறமும் கூரான வளைவுகளும் காலை வெயிலில் நன்றாக இருக்கும்.

கோட்டை என்கிறீர்களே, கோட்டை எங்கே?

கோட்டையைக் காட்டுங்கள் என்று கேட்டால் காட்ட என்னிடம் சுவர் இல்லை. பெயர் மட்டும் தங்கியிருக்கிறது. ஆனால் அந்தப் பெயருக்குப் பின்னால் இருக்கிற கதையை மைதானத்தில் நின்று பத்து நிமிஷம் சொல்வேன்.

மைசூர்க்காரர்கள் கையில் இருந்த இந்தப் பகுதி, 1792-இல் திப்பு சுல்தான் ஸ்ரீரங்கப்பட்டண உடன்படிக்கையில் கையெழுத்துப் போட்ட பிறகு கிழக்கிந்தியக் கம்பெனியிடம் வந்தது. நிர்வாகத்துக்கு வந்தவர் அலெக்சாண்டர் ரீட். அவருக்கு உதவியாக வந்தவர்களில் ஒருவர் தாமஸ் மன்றோ. சென்னைத் தீவுத்திடல் அருகே குதிரைமேல் சிலையாக இருக்கிறாரே, அதே மன்றோதான். இடையில் ஜமீன்தார் இல்லாமல் ஒவ்வொரு விவசாயியிடமும் நேராக நிலத்தை அளந்து வரி போடுகிற ரயத்துவாரி முறையை இவர்கள் பழகிப் பார்த்தது இந்தச் சேலம், பாரமகால் (இன்றைய தர்மபுரி, கிருஷ்ணகிரிப் பக்கம்) மண்ணில்தான். இன்று நாம் பட்டா, சிட்டா என்று தாலுகா ஆபீசுக்கு அலைகிறோமே, அதன் வேர்களில் ஒன்று இங்கே இருக்கிறது. இதைச் சொன்னதும் வந்தவர்களில் நிலம் வைத்திருப்பவர்கள் கட்டாயம் ஒரு கேள்வி கேட்பார்கள். அதனால்தான் பத்து நிமிஷம் சில நாள் இருபதாகிவிடுகிறது.

அதற்குப் பிந்திய கதைகள் போகிற வழியில் வரும். சேலம் 1866-இல் நகராட்சி ஆனது. 1917-இல் அதன் தலைவராக வந்தவர் இங்கே வக்கீலாக இருந்த ராஜாஜி. 1920-இல் நாகபுரி காங்கிரஸ் மாநாட்டுக்குத் தலைமை தாங்கிய விஜயராகவாச்சாரியாரும் சேலத்து வக்கீல்தான். நீதிக்கட்சி திராவிடர் கழகம் என்று பெயர் மாறிய 1944 மாநாடும் இதே ஊரில் நடந்ததுதான். ஒன்றுக்கொன்று எதிரான இத்தனை அரசியலுக்கும் ஒரே ஊர் இடம் கொடுத்திருக்கிறது என்பது எனக்குப் பெருமை.

ஆறு நாறுமே? அதை ஏன் காட்டுகிறீர்கள்?

நாறும். மறைத்துச் சொல்ல மாட்டேன். இரண்டு பக்கமும் சுவர் எழுப்பிய கால்வாய் மாதிரி இருக்கிறது டவுனுக்குள் திருமணிமுத்தாறு. வெயில் காலத்தில் ஓடுவது பெரும்பாலும் சாக்கடைத் தண்ணீர்தான். சில நாள் சாயக் கழிவின் நிறமும் கலந்திருக்கும். நல்ல மழை பெய்த மறுநாள் வந்தால் தண்ணீர் வேகமாகப் போகும், கூடவே நுரையும் போகும்.

பாலத்தில் ஐந்து நிமிஷம்தான் நிற்போம். மூச்சு முட்டுகிறது என்றால் நிற்காமல் கடந்து எதிர்க்கரையில் காத்திருக்கலாம், யாரும் எதுவும் நினைக்க மாட்டார்கள். ஆனால் வழியிலிருந்து ஆற்றை எடுத்துவிடச் சொன்னால் மட்டும் ஒப்புக்கொள்ள மாட்டேன். என் அம்மாயி சின்னப் பெண்ணாக இருந்தபோது இந்த ஆற்றில் துணி துவைத்ததாகச் சொல்வார். துவைத்த சேலையைக் கரையிலேயே காயப்போட்டுவிட்டு, காயும்வரை தண்ணீரில் விளையாடுவார்களாம். திரு, மணி, முத்து என்று மூன்று அடைமொழி வைத்து ஒரு ஆற்றுக்குப் பெயர் சூட்டியிருக்கிறார்கள் என்றால், சூட்டியவர்கள் கண்ட தண்ணீர் எப்படி இருந்திருக்கும்?

இந்த ஆறு டவுனோடு முடிந்துபோவதும் இல்லை. தெற்கே போய் உத்தமசோழபுரத்தில் கரபுரநாதர் கோயிலை ஒட்டி ஓடுகிறது. பாரியின் மகள்களுக்கு ஔவையார் கல்யாணம் செய்துவைத்த இடம் அது என்று சொல்வார்கள். அப்புறம் நாமக்கல் மாவட்டத்துக்குள் நுழைந்து நஞ்சை இடையாறு பக்கம் காவிரியில் சேர்கிறது. நாம் பாலத்தில் மூக்கைப் பொத்திக்கொண்டு பார்க்கிற தண்ணீர் போய்ச் சேருமிடம் காவிரி என்பதைத் தெரிந்துகொண்டு பார்க்க வேண்டும் என்றுதான் அங்கே நிறுத்துகிறேன்.

எவ்வளவு தூரம், எவ்வளவு நேரம்?

சுமார் 12 கிலோமீட்டர். காலை 6 மணிக்குக் கிளம்பினால் 9.30-க்குள் முடிந்துவிடும். மிதிக்கிற நேரம் ஒரு மணி நேரம்தான் இருக்கும், மீதி நின்று பார்ப்பதும் பேசுவதும் காபி குடிப்பதும். சேலம் டவுன் பெரும்பாலும் சமதரைதான், மூச்சு வாங்குகிற ஏற்றம் எதுவும் கிடையாது. 6 மணிக்கு மேல் பத்து நிமிஷம் காத்திருப்போம். அதற்குமேல் காத்திருந்தால் சின்னக்கடை வீதியில் லாரி இறக்குகிற நேரத்தில் போய் மாட்டிக்கொள்வோம்.

சைக்கிள் தொட்டுப் பல வருஷம் ஆகிறது. ஓட்ட முடியுமா?

குரங்குப் பெடல் போட்டுக் கற்றுக்கொண்டவர் என்றால் கவலையே வேண்டாம், அது மறக்காது. கொஞ்சம் முன்னதாக, 5.45-க்கு வந்துவிடுங்கள். மைதானத்தில் நான்கு சுற்று ஓட்டிப் பார்த்தால் கை நடுக்கம் போய்விடும்.

பெரியவர்களுக்குக் கஷ்டமாக இருப்பது பெரும்பாலும் சீட் உயரம்தான். சீட்டில் உட்கார்ந்து குதிகாலைக் கீழே இருக்கிற பெடலில் வைத்தால் கால் நேராக நீள வேண்டும். அப்போது முன்பாதத்தால் மிதிக்கும்போது முட்டி லேசாக மடங்கும், வலி வராது. தைரியத்துக்காகச் சீட்டை ரொம்பத் தாழ்த்திவிட்டால் மூன்றாவது கிலோமீட்டரிலேயே முட்டி பிடித்துக்கொள்ளும். முதல் அரை மணி நேரம் மட்டும் ஒரு விரற்கடை தாழ்த்தி வைத்து, பழகியதும் ஏற்றித் தருகிறேன்.

சைக்கிளே ஓட்டத் தெரியாதவர்களை டவுனுக்குள் கூட்டிப்போவதில்லை. அவர்கள் வருத்தப்படுவது தெரியும். கற்றுக்கொண்டு வாருங்கள், இடம் வைத்திருக்கிறேன்.

டவுன் டிராஃபிக்கில் இது பாதுகாப்பா?

எங்கள் வீட்டிலேயே என்னைக் கேட்ட கேள்வி இது. காலை 6 மணிக்குக் கிளம்புவதற்கு முதல் காரணம் பாதுகாப்புதான். பழைய பஸ் நிலையத்தைச் சுற்றி 9 மணிக்கு மேல் சைக்கிள் ஓட்டச் சொன்னால் நானே ஓட்ட மாட்டேன். ஐந்து ரோடு, நாலு ரோடு பக்கம் நாம் போவதே இல்லை.

ஒருவர் பின் ஒருவராக, இடது ஓரமாக, ஒரு சைக்கிள் நீளம் இடைவெளி விட்டு வர வேண்டும். நான் முன்னால் போவேன், இன்னொருவர் கடைசியில் வருவார். பத்துப் பேருக்கு மேல் சேர்ப்பதில்லை. பெரிய கூட்டமாகப் போனால் நடுவில் ஒரு ஆட்டோ புகுந்ததும் வரிசை இரண்டாகிவிடுகிறது, பின்னால் இருப்பவர்கள் பிடிக்க அவசரப்படுகிறார்கள், அங்கேதான் ஆபத்து. நின்ற கார்களை ஒட்டிப் போகாதீர்கள், கதவைத் திறந்துவிடுவார்கள். திரும்பும்போது கையை நன்றாக நீட்டுங்கள். ஹெல்மெட் நாங்கள் தருகிறோம், போடாதவருக்குச் சைக்கிள் கிடையாது.

ஒருமுறை வரிசையில் வந்த தம்பி ஒருவர் பூ மார்க்கெட் வாசலில் ஈரமான வாழைச் சருகில் சறுக்கி விழுந்து முழங்கையைச் சிராய்த்துக்கொண்டார். தவறு என்னுடையது. அந்த இடத்தை மிதித்தே கடந்துவிடலாம் என்று நினைத்தேன். இப்போது மார்க்கெட்டுக்கு முன்னாலேயே எல்லாரும் இறங்கித் தள்ளிக்கொண்டுதான் போகிறோம்.

சொந்தச் சைக்கிள் கொண்டுவரலாமா?

தாராளமாக. காற்றையும் பிரேக் ரப்பரையும் வீட்டிலேயே பார்த்துவிட்டு வாருங்கள், பெல் கட்டாயம் வேண்டும். பஞ்சர் ஆனால் எங்களிடம் பம்ப்பும் ஒட்டுகிற சாமானும் உண்டு. ஆனால் உங்கள் டயர் அளவுக்கான மாற்று டியூப் நீங்களே வைத்திருந்தால் நல்லது.

புடவை, வேட்டியோடு வரலாமா?

வரலாம். நடுக்கம்பி இல்லாத, செயின் முழுக்க மூடிய சைக்கிள் மூன்று வைத்திருக்கிறோம். முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். சுடிதார் துப்பட்டாவை மட்டும் இடுப்பில் கட்டிக்கொள்ளுங்கள், அது பின்சக்கரத்தில் சுற்றுவதுதான் பெரிய பயம்.

குழந்தைகள்?

12 வயதுக்கு மேல், கூடப் பெரியவர் ஒருவர் வந்தால். கேரியரில் உட்காரவைத்துக் கூட்டிவர அனுமதி இல்லை.

கோயிலுக்கும் மசூதிக்கும் உள்ளே போவோமா?

கோட்டை மாரியம்மன் கோயிலிலும் சுகவனேசுவரர் கோயிலிலும் கால் மணி நேரம் கொடுக்கிறோம். விருப்பம் உள்ளவர்கள் கும்பிட்டுவிட்டு வரலாம், மற்றவர்கள் வெளியே சைக்கிளைப் பார்த்துக்கொள்வார்கள். ஷார்ட்ஸ் போட்டுவந்தால் உள்ளே விடமாட்டார்கள், முழுக்கால் உடையாக வாருங்கள். மசூதியை வெளியிலிருந்து பார்ப்போம். திப்பு சுல்தான் தொழுத இடம் என்று ஊரில் சொல்லிவருகிறார்கள். காலைத் தொழுகை முடிந்து வருகிற பெரியவர்கள் சில நாள் நின்று பேசுவார்கள். அவர்கள் சொல்வதைக் கேட்டால் நான் பேச வேண்டியதே இருக்காது.

கோட்டை மாரியம்மன் எட்டுப் பேட்டை மாரியம்மன்களுக்கும் தலைவி. செவ்வாய்ப்பேட்டை, குகை, அம்மாபேட்டை, அன்னதானப்பட்டி என்று ஒவ்வொரு பேட்டையிலும் ஒரு மாரி உண்டு. ஆனால் மூத்தவள் இங்கே ஆற்றங்கரையில் இருக்கிறாள். இந்தப் பேட்டைக் கணக்கு மனதில் பதிந்துவிட்டால் சேலத்தின் வரைபடமே பதிந்துவிடும். சுகவனேசுவரர் கோயிலில் கிளிக்கும் சுக முனிவருக்கும் உள்ள கதை கேட்க அழகாக இருக்கும். சுகம் என்றால் கிளி. சுகவனம் என்றால் கிளிக்காடு. இன்றைய பஸ் சத்தத்துக்கு நடுவில் நின்று அந்தப் பெயரைச் சொல்லிப் பாருங்கள்.

வெள்ளிப் பட்டறையையும் தறியையும் நேரில் பார்க்க முடியுமா?

சனிக்கிழமை வந்தால் செவ்வாய்ப்பேட்டையில் கொலுசுப் பட்டறை, ஞாயிற்றுக்கிழமை வந்தால் குகையில் தறி. இரண்டும் ஒரே நாளில் வைத்தால் எதையும் சரியாகப் பார்க்க முடியவில்லை, அதனால் பிரித்துவிட்டோம். இரண்டில் எது என்று கேட்டால், தறிக்கு வாருங்கள் என்பேன்.

கொலுசு ஒரே இடத்தில் முழுசாக உருவாவதில்லை. உருக்குவது ஒரு இடம், கம்பியாக இழுப்பது ஒரு இடம், வளையம் கோத்துப் பற்றவைப்பது வேறொரு வீடு, மெருகு போடுவது இன்னொரு இடம். ஒரு ஜோடிக் கொலுசு கடைக்குப் போவதற்குள் பல கை மாறிவிடும். நாம் பார்ப்பது அதில் ஒரு படியைத்தான். வேலை செய்கிறவர்கள் துண்டுக்கு இவ்வளவு என்று கூலி வாங்குகிறவர்கள். அவர்கள் நேரத்தை எடுத்துக்கொள்கிறோம் என்பதால் கட்டணத்தில் ஒரு பங்கு பட்டறைக்குப் போகிறது. படம் எடுக்க ஆசைப்பட்டால் முதலில் கேளுங்கள்.

தறி பார்க்கிற வீட்டில் ஐந்து பேருக்குமேல் நிற்க இடம் இருக்காது, இரண்டு குழுவாகப் போவோம். குழித்தறியில் நெய்கிறவர் குழிக்குள் காலை இறக்கி மிதியை மிதிக்க, நீளவாக்கில் கட்டிய பாவு நூல் பிரிந்து வழி விடும், நூல் சுமந்த நாடாக்கட்டை குறுக்கே ஓடி ஊடை என்கிற குறுக்கு நூலைப் போட்டுவிட்டுத் திரும்பும். கால், கை, கண் மூன்றுக்கும் ஒரே தாளம். எங்கள் குழுவோடு வந்த ஒரு அக்கா, "நாமளும் காலையிலிருந்து மிதிக்கிறோம், இவரும் மிதிக்கிறார், நம்ம காலில் மட்டும் ஒன்றும் விளையலையே" என்றார். அந்த வீட்டு அம்மா சிரித்துக்கொண்டே அவரைத் தறியில் உட்காரவைத்து நான்கு இழை போடவிட்டார். சேலம் வெண்பட்டுக்குப் புவிசார் குறியீடு இருக்கிறது. அந்தப் பட்டை நெய்கிற இடத்தில் நின்று பார்த்தவர்கள் அதற்குப் பிறகு பட்டு வேட்டியின் விலையைப் பற்றி முணுமுணுப்பதில்லை.

குகைத் தெருக்களில் சௌராஷ்டிரம், கன்னடம், தெலுங்கு எல்லாம் காதில் விழும். நெசவோடு வந்து தங்கிய குடும்பங்கள். தறிக்காரர்கள் பலர் அமாவாசைக்கு விடுமுறை விடுவதால் அன்று தறி பார்க்க முடியாது.

சாப்பாடு?

கிளம்பும் முன் வெறும் வயிற்றோடு மிதிக்காதீர்கள், ஒரு வாழைப்பழமாவது சாப்பிடுங்கள். முதல் அக்ரஹாரத்தில் காபி, முடிந்த பிறகு கோட்டைப் பக்கம் இட்லி. இரண்டும் கட்டணத்தில் அடக்கம்.

தட்டுவடை செட் உண்டா என்று எல்லாரும் கேட்கிறார்கள். அது சாயங்காலத்துப் பண்டம், காலையில் வண்டி போட்டிருக்க மாட்டார்கள். இரண்டு தட்டுவடைக்கு நடுவில் துருவிய கேரட்டும் பீட்ரூட்டும் வெங்காயமும், ஒரு பக்கம் காரச் சட்னி, இன்னொரு பக்கம் பச்சைச் சட்னி. கையில் வாங்கியதும் தின்றுவிட வேண்டும், பார்சல் கட்டினால் தட்டுவடை நமுத்துவிடும். எந்தெந்தத் தெருவில் வண்டி நிற்கும் என்று சுற்று முடிந்ததும் சொல்லி அனுப்புகிறேன், சாயங்காலம் நடந்தே போய்ச் சாப்பிடுங்கள்.

எந்த மாதம் வருவது நல்லது?

டிசம்பர், ஜனவரியில் காலைப்பொழுது குளுகுளுவென்று இருக்கும், வடக்கே சேர்வராயன் மலை பனிக்குள் நிற்பது தெரியும். மலைகள் சூழ்ந்த ஊர் என்பது அந்த மாதங்களில்தான் நன்றாகப் புரியும்: வடக்கே நகரமலை, தெற்கே ஜருகுமலை, மேற்கே கஞ்சமலை.

மாம்பழம் வேண்டும் என்றால் மே மாதம் வாருங்கள். சின்னக்கடை வீதியில் மல்கோவா, இமாம்பசந்த், குண்டு என்று வாசனையே வழி காட்டும். வெயில் கடுமை, அதனால் 5.30-க்கே கிளம்பிவிடுவோம்.

ஆடியில் கோட்டை மாரியம்மன் திருவிழா நாட்களில் சுற்று கிடையாது. தெருவெல்லாம் ஜனம், சைக்கிள் போக இடம் இருக்காது. ஆனால் நீங்கள் வாருங்கள், சைக்கிள் இல்லாமல் வாருங்கள். குகையிலும் செவ்வாய்ப்பேட்டையிலும் ராத்திரி நடக்கிற வண்டி வேடிக்கையில், சாமி வேஷம் கட்டியவர்கள் அலங்கார வண்டிகளில் வருவதைப் பார்க்காதவர் சேலத்தைப் பார்த்தவர் ஆகமாட்டார்.

ஆகஸ்ட் முதல் அக்டோபர் வரை மழை பெரும்பாலும் சாயங்காலம்தான். காலையிலேயே கொட்டினால் சுற்றை ரத்து செய்துவிட்டு, 5 மணிக்குள் போனில் சொல்லிவிடுவோம்.

ஏற்காட்டுக்கும் சைக்கிளில் கூட்டிப்போவீர்களா?

இல்லை. சேலம் சுமார் 280 மீட்டர் உயரத்தில் இருக்கிறது, ஏற்காடு 1,500 மீட்டருக்கு மேல். நடுவில் 20 கொண்டை ஊசி வளைவு. ஏறுவதைக்கூடப் பழகிக்கொள்ளலாம், இறங்கும்போது பிரேக்கை விடாமல் பிடித்தே வருகிறவர்களுக்கு ரிம் சூடேறிப் பிரேக் பிடிமானம் குறையும். எங்கள் சைக்கிள்கள் அதற்கானவை இல்லை.

மாடர்ன் தியேட்டர்ஸைப் பார்க்க முடியுமா?

அது ஏற்காடு ரோட்டில் இருக்கிறது, நம் வழியில் வராது. டி.ஆர்.சுந்தரம் நடத்திய அந்த ஸ்டுடியோவில் இன்று நிற்பது முகப்பு வளைவுதான். பஸ்ஸில் ஏற்காடு போகும்போது பார்த்துக்கொள்ளலாம்.

கட்டணம் எவ்வளவு? எப்படிப் பதிவு செய்வது?

சைக்கிள், ஹெல்மெட், காபி, இட்லி எல்லாம் சேர்த்து 600 ரூபாய். சொந்தச் சைக்கிள் என்றால் 450. மாணவர்களுக்குப் பாதி. வெள்ளிக்கிழமை மாலைக்குள் போன் செய்தால் போதும், பணம் காலையில் நேரில் தரலாம். நாங்கள் ரத்து செய்தால் வேறு நாளுக்கு மாற்றித் தருவோம்.

நான் சேலத்திலேயே பிறந்து வளர்ந்தவன். எனக்கு இதில் என்ன புதுசாக இருக்கும்?

உங்களை மாதிரி ஆட்கள்தான் எனக்கு வேண்டும். சில மாதங்களுக்கு முன்பு எழுபது வயதைத் தாண்டிய ஒரு ஐயா வந்தார். கிச்சிப்பாளையத்தில் பிறந்தவர். வழி முழுக்க எதுவும் பேசவில்லை. ஆற்றுப் பாலம் வந்ததும் சைக்கிளை ஸ்டாண்ட் போட்டுவிட்டுக் கைப்பிடிச் சுவர்மேல் சாய்ந்து, "இந்த இடத்தில் படித்துறை இருந்தது. எங்கப்பா எனக்கு நீச்சல் பழக்கிவிட்டது இங்கேதான்" என்று விரலால் காட்டினார். எத்தனையோ வருஷமாக அந்தப் பாலத்தைக் கடக்கிறேன், எனக்கு யாரும் சொன்னதில்லை. இப்போது ஒவ்வொரு சுற்றிலும் அந்தச் சுவரோரம் நின்றுதான் ஆற்றைப் பற்றிப் பேசுகிறேன். உங்களுக்கும் அப்படி ஒரு இடம் தெரிந்தால் கிளம்பும்போதே சொல்லிவிடுங்கள், வழியைக் கொஞ்சம் மாற்றிக்கொள்ளலாம்.